முதன்முறையாகத் திருப்பலிக்குச் செல்கிறேன்: எப்போது எழுவது, எதில் ஒதுங்கி இருப்பது?

புதுவரவு எழுதியது:

வணக்கம். என் அலுவலகத் தோழி ஒருவரின் குழந்தைக்கு வருகிற ஞாயிறன்று திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். அது தனிச் சடங்காக இல்லாமல் கத்தோலிக்க ஆலயத்தின் ஞாயிறு வழிபாடான திருப்பலியின் நடுவிலேயே நடைபெறும் என்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறார். நான் கிறிஸ்தவர் அல்ல. தேவாலயத்துக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. போக வேண்டும் என்ற ஆசை நிறையவே இருக்கிறது. ஆனால் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் என்ன செய்வது, காணிக்கைத் தட்டு வரும்போது கட்டாயம் பணம் போட வேண்டுமா, அப்பம் வழங்குகிறார்களே, அதை வாங்கலாமா என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. தோழியிடம் கேட்டால், "சும்மா வா, ஒன்றும் ஆகாது" என்கிறார். அவருடைய நல்ல நாளில் என்னால் ஒரு சங்கடம் நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாடகர்குழு எழுதியது:

சகோதரி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடகர் குழுவில் பாடிவருபவன் நான். நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஆலயம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்பதால், புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நன்கு அறிவேன். மரியாதை கருதி முதல் வரிசையில் அமர்ந்துவிடுவார்கள். பிறகு பார்த்துச் செய்ய முன்னால் ஆளிருக்காது. நீங்கள் நடுவரிசை ஒன்றில் அமருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். முழந்தாளிடும் நேரத்தில் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும். முழங்கால் வலியுள்ள எங்கள் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ஞாயிறு திருப்பலிக்கு இரண்டு பெரும் பகுதிகள் உண்டு. முதலாவது இறைவார்த்தை வழிபாடு; இரண்டாவது, அப்பம் வழங்கும் நற்கருணை வழிபாடு. முதல் பகுதியில் விவிலியத்திலிருந்து மூன்று வாசகங்கள் படிக்கப்படும்; முதல் இரண்டுக்கும் இடையே பதிலுரைப் பாடல் பாடப்படும். மூன்றாவதான நற்செய்தி வாசகத்துக்கு அனைவரும் எழுந்து நிற்பார்கள். அது தொடங்கும்போது பெருவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிறு சிலுவை வரைந்துகொள்வார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டியதில்லை, எழுந்து நின்றால் போதும். இந்த வாசகங்களைக் குருவானவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சியாக வகுத்துவைத்த அட்டவணை ஒன்று இருக்கிறது; மத்தேயு, மாற்கு, லூக்கா என ஆண்டுக்கு ஒரு நற்செய்தி முதன்மை பெறும். பிறகு மறையுரை, அதாவது குருவானவரின் பிரசங்கம்.

மறையுரை முடிந்ததும் நீங்கள் காண வந்த நிகழ்ச்சி. பெற்றோரும், குழந்தையின் நம்பிக்கை வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோரும் சாத்தானை விட்டுவிடுவதாகவும் கடவுளை நம்புவதாகவும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி சொல்வார்கள். குருவானவர் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லிக் குழந்தையின் தலையில் மூன்று முறை நீர் ஊற்றுவார். உச்சந்தலையில் கிறிஸ்மா எனப்படும் புனித எண்ணெய் பூசி, வெண்ணிற ஆடை அணிவிப்பார்கள். பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவத்தியிலிருந்து ஒரு சிறு மெழுகுவத்தியை ஏற்றிக் குடும்பத்தாரின் கையில் கொடுப்பார்கள். பல வீடுகளில் அந்த மெழுகுவத்தியைப் பிள்ளை வளர்ந்த பிறகும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

காணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டாயமே இல்லை, தட்டை அடுத்தவருக்கு நகர்த்திவிடலாம், ஒருவரும் கவனிக்கமாட்டார். ஏறத்தாழ கி.பி. 155இல் புனித யுஸ்தீன் என்ற தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர், உரோமைப் பேரரசருக்குக் கிறிஸ்தவ வழிபாட்டை விளக்கி எழுதியபோதே, வசதியுள்ளோர் விரும்பிய அளவு கொடுப்பதாகவும் அது ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் செல்வதாகவும் குறிப்பிடுகிறார். விரும்பியவர் விரும்பிய அளவு என்பது அன்றே சொல்லப்பட்டதுதான்.

கடைசிவரிசை எழுதியது:

அப்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதில் தவறு செய்தவள் நான். நானும் கிறிஸ்தவர் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தோழி ஒருத்தியின் திருமணத் திருப்பலியில் இருந்தேன். நற்கருணை நேரம் வந்ததும் என் வரிசை முழுவதும் எழுந்து நடுப்பாதைக்கு நகர்ந்தது, நானும் எழுந்தேன். முன்னால் நின்றவர் கைகளைக் குவித்ததைப் பார்த்து நானும் குவித்தேன். வெள்ளையாக, வட்டமாக, தாளைப் போல மெல்லியதாக ஒன்று என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. பிரசாதம் போல வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று எண்ணி, விரல்களை மூடிக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன். உதவியாளர் ஒருவர் வேகமாகப் பின்னால் வந்து, "அம்மா, நீங்கள் கத்தோலிக்கரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றதும் இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டு போனார். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் அவர் முகத்தில் தெரிந்த பதற்றத்தை நான் மறக்கவில்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குருவானவரின் மன்றாட்டுக்குப் பின் அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது அடையாளமும் அல்ல, விருந்தோம்பலும் அல்ல. திருமுழுக்குப் பெற்று அந்நம்பிக்கையை ஏற்றவர் மட்டுமே அதைப் பெற வேண்டும் என்பது மேலே குறிப்பிட்ட அந்த யுஸ்தீன் காலத்து எழுத்திலேயே இருக்கிறதாம்.

எனவே அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருங்கள். உள்ளே இருப்பவர்கள் கடந்துசெல்ல முழங்கால்களைச் சற்று ஒதுக்கிக்கொள்ளுங்கள், அல்லது எழுந்து வழிவிட்டு மீண்டும் அமருங்கள். பல ஆலயங்களில், நற்கருணை வாங்காதவர்களும் வரிசையில் சென்று, கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்து ஆசி பெறும் பழக்கம் உண்டு. உங்கள் தோழியின் ஆலயத்தில் அவ்வழக்கம் உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவரவு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசிவரிசை அவர்களே, நானும் அப்படியே எழுந்து போயிருப்பேன்! இன்னும் இரண்டு ஐயங்கள். எல்லாச் சபைகளிலும் இதே முறைதானா? மேலும், மற்றவர்கள் மறுமொழி சொல்லும்போது நானும் 'ஆமென்' சொல்லலாமா? நம்பாமல் சொல்வது பொய்யாகாதா?

பலசபை எழுதியது:

முதல் ஐயத்துக்கு மட்டும் என் மறுமொழி. சபைக்குச் சபை மிகுந்த வேறுபாடு உண்டு. ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் பெரும்பகுதி நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள். பாட்டு பெரும்பாலும் இசைக்கருவி இன்றியே ஒலிக்கும். அங்கும் நற்கருணை மற்றவர்களுக்கு இல்லை, ஆனால் கிரேக்க மரபு ஆலயங்கள் பலவற்றில் இறுதியில் வழங்கும் ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டியை விருந்தினருக்கும் கொடுப்பார்கள். மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் திருவிருந்து வர விரும்பும் அனைவருக்கும் திறந்திருக்கும். பெந்தெகொஸ்தே ஆராதனையில் கைகளை உயர்த்திப் பாடுவதும் உரத்து ஜெபிப்பதும் 'அந்நிய பாஷை' என்று, தூய ஆவி தருவதாக அவர்கள் நம்பும், கேட்பவருக்குப் புரியாத மொழியில் பேசுவதும் இயல்பு. முதன்முறை கேட்பவர் அஞ்சத் தேவையில்லை. இதற்கு நேர்மாறாக, குவேக்கர்களின் மௌனக் கூட்டத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எவரும் பேசாமலேயே இருக்கக்கூடும். ஒருவரோடொருவர் கைகுலுக்கியதும் கூட்டம் முடிந்தது என்று பொருள்.

பாடகர்குழு எழுதியது:

'ஆமென்' என்பதற்கு 'அப்படியே ஆகட்டும்' என்று பொருள். நம்பாததற்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் தயங்குவதை நான் மதிக்கிறேன். பழக்கத்தால் உதட்டளவில் சொல்லிவிடும் எங்களைவிட நீங்கள் அந்தச் சொல்லுக்கு அதிக மரியாதை தருகிறீர்கள். மௌனமாக இருப்பது அவமதிப்பு ஆகாது. சிலுவை அடையாளத்துக்கும் இதுவே பொருந்தும். ஆனால் நற்கருணைக்குச் சற்று முன் அருகில் இருப்பவர்கள் உங்கள் பக்கம் திரும்பி, 'சமாதானம்' என்று சொல்லிக் கைகூப்பவோ கைகுலுக்கவோ செய்வார்கள். அதற்கு மட்டும் தயங்காமல் பதில் வணக்கம் செய்யுங்கள். அது உங்களுக்கும் உரியது.

கடைசியாக ஒன்று. திருப்பலி தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வந்து, திருமுழுக்குத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து வரிசையின் ஓரத்தில் இடம்பிடியுங்கள். நீர் ஊற்றும்போது குடும்பத்தார் சுற்றி நின்று மறைத்துவிடுவார்கள். ஓரத்தில் இருந்தால் குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியும்.