மறைந்த கடல் தோழருக்கு நினைவுமலர்: எதை எழுதுவது, எதை அச்சிடாமல் விடுவது?

கேள்வி – குளச்சல் கரைக்காரன்

எங்களுடன் ஒரே வள்ளத்தில் நெடுங்காலம் தொழில் செய்த அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் காலமானார். ஓராண்டு நினைவுத் திருப்பலியன்று அவருக்காக ஒரு சிறு மலர் வெளியிட வேண்டும் என்று குடும்பத்தாரும் வள்ளத்தின் பங்குக்காரர்களும் விரும்புகிறார்கள். எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

சிறுவனாகக் கட்டுமரத்தில் ஏறியவர் அவர். 1980களில் எங்கள் கரைக்கு வெளிப்பொருத்து இயந்திரமும் முட்டம் பக்கத்தில் கட்டிய ஒட்டுப்பலகை வள்ளங்களும் வந்தபோது அவற்றுக்கு மாறினார். பிறகு ஃபைபர் வள்ளம். சாளை வலை, சிங்கிறால் வலை, தூண்டில் என எந்தத் தொழிலையும் அரைகுறையாகச் செய்ததில்லை. கடலில் வெயிலிலும் மழையிலும் வேலை செய்துவிட்டுக் கரையேறிய பிறகு, நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில், அவர் கிழிந்த வலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதையெல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தால், எங்கள் கரையில் எந்த ஊரில் யார் இறந்தாலும் பொருந்தக்கூடிய வார்த்தைகளாகத்தான் தெரிகின்றன. அவரை மட்டும் காட்டும்படி எப்படி எழுதுவது?

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளான பார்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகராக எங்கள் ஊரில் எவரும் இருக்கவில்லை. அவற்றின் கணியங்களை, அதாவது கரையில் தெரியும் அடையாளங்களைக் கொண்டு இடத்தைக் குறிக்கும் குறிப்புகளை, அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மலரில் அச்சிட்டால் அவருடைய அறிவு அழியாமல் நிற்கும். ஆனால் அவருடைய மகன் இன்றும் அந்தப் பார்களில்தான் தூண்டில் போடுகிறார். அச்சிடுவது மரியாதையா, துரோகமா?

பதில் – முட்டத்து முதியவர்

உங்கள் அண்ணனின் ஆன்மா இளைப்பாறட்டும். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அச்சிடாதீர்கள். கணியம் என்பது ஒரு குடும்பத்தின் மூலதனம். கலவா மீன் கிடைக்கும் ஒரு பாரைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவர் எத்தனை நாள் வெறும் வள்ளத்தோடு திரும்பியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நோட்டை மகனுடைய கையில் கொடுங்கள். ஜிபிஎஸ் கருவி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று இளையவர்கள் கேட்கலாம். கருவி பழுதாகும் நாளில் கண்ணில் தெரியும் மலைதான் வழி சொல்லும்.

ஆனால் அவர் கணியம் பார்த்த முறையைத் தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும். கரைக்கு அருகில் உள்ள ஒரு தேவாலயக் கோபுரத்தையோ பனையையோ, அதற்குப் பின்னால் உள்நாட்டில் தெரியும் ஒரு மலைமுகட்டோடு நேர்கோட்டில் நிறுத்துவது ஒரு பார்வை. வேறொரு திசையில் இன்னோர் இணையை அதேபோல் நிறுத்துவது மறு பார்வை. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும் என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரியும்படி விளக்குங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம் என்று பார்த்ததையும், குண்டு தரையைத் தொடும்போது கைக்குத் தெரியும் வேறுபாட்டிலிருந்து கீழே இருப்பது சேறா, மணலா, கல்லா என்று அவர் சொன்னதையும் எழுதுங்கள். அடையாளமாக இருந்த பனைகள் வெட்டப்பட்டு, புதிய கட்டடங்கள் மலையை மறைத்தபோது அவர் எந்த அடையாளத்துக்கு மாறினார் என்பது உங்களுக்கு நினைவிருந்தால், கோபுரத்தின் பெயரைச் சொல்லாமல் அதையும் எழுதலாம். அது அவருடைய அறிவு. இடத்தைக் காட்டிக் கொடுக்காமலே அதை மதிக்க முடியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவர் கடலுக்குப் போகாத நாள்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா? நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம்மைப் போன்ற சிறு வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஆனி, ஆடி மாத அலையடிப்பில் வள்ளத்தை இறக்குவதா, வேண்டாமா என்று முடிவெடுப்பவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே வலையைத் தூக்குவார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்திருந்தால், ஊர் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். எத்தனை நெய்மீன் பிடித்தார் என்பதைவிட, அவரோடு போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதில் – மீன்காரியின் மகள்

என் தந்தையும் கடல் தொழில் செய்தவர். தாயார் கூடையில் மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களில் விற்றவர். ஆண்கள் எழுதும் நினைவுமலர்கள் பெரும்பாலும் வள்ளம் கரை தொடும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. தயவுசெய்து அண்ணியாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பருவத்தில் பாடு (கிடைக்கும் மீன்) குறைந்தது, எந்த வட்டிக்காரரிடம் நகை போனது, எந்தப் பெண்ணின் திருமணத்துக்கு எந்த மீன் கைகொடுத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவற்றில் எதை அச்சிடலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஏலம் முடிந்து எண்ணெய்ச் செலவு கழித்த பிறகு வள்ளத்துக்கு, இயந்திரத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிக்கும்போதுதான் ஒரு மனிதரின் குணம் தெரியும். நோயால் வரமுடியாதவரின் வீட்டுக்கு உங்கள் அண்ணன் பங்கு அனுப்பினாரா? வள்ளத்தை மேட்டில் ஏற்ற வந்து கைகொடுக்கும் முதியவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் கறிக்கு மீன் போட்டாரா? எங்கள் தெருவில் ஒருவர் ஏலக்காரர் வருவதற்கு முன்பே அந்த மீனை ஒதுக்கி வைத்துவிடுவார். பாடு குறைந்த நாளிலும் அந்த ஒதுக்கீடு குறையாது. அவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் அதிகம் அழுதவர்கள் உறவினர்கள் அல்லர். இப்படி ஒரு பழக்கம் உங்கள் அண்ணனிடமும் இருந்திருக்கும். விசாரியுங்கள்.

பதில் – தூத்தூர் வட்டாரத்திலிருந்து

எங்கள் வட்டாரத்தின் எட்டு ஊர்களிலும் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் போகிறவர்கள் அதிகம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தபோது கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்த எங்கள் படகுகள் பல திரும்பவில்லை. உடல் கிடைக்காதவர்களே மிகுதி. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் கேட்கும் ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் அந்தக் குடும்பங்களுக்குச் சான்றும் நிவாரணமும் வழங்கினார்கள். நான் இழந்த தோழரும் அவர்களுள் ஒருவர். அவருடன் அதே படகில் இருந்தவர்களும் சேர்ந்தே போய்விட்டதால், கடலில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல இன்று எவரும் இல்லை.

உங்களுக்கு அந்த நிலை இல்லை. அவரோடு அணியத்தில் (வள்ளத்தின் முன்பகுதியில்) நின்றவரும் இயந்திரம் பிடித்தவரும் வலை வளைத்தவரும் உயிரோடிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கூட்டாக உட்கார்ந்தால் மூத்தவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். அவர் யாரைத் திட்டினார், எப்போது திட்டினார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் ஒரு வள்ளத்தை நடத்தியவர் எப்போதும் இனிமையாகவே பேசியிருக்க முடியாது. அப்படி எழுதினால் அவரோடு தொழில் செய்தவர்களே நம்பமாட்டார்கள்.

கேட்டவரின் மறுமொழி – குளச்சல் கரைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டை மகனிடம் கொடுத்துவிடுகிறேன். மலரில் கணியம் பார்க்கும் முறை மட்டும் ஒரு படத்தோடு வரும். முட்டத்துப் பெரியவர் கேட்டதற்குப் பதில்: ஆம், அவர் பலமுறை "வேண்டாம்" என்றிருக்கிறார். ஓர் ஆடி மாதத்தில் பக்கத்து வள்ளங்கள் இறங்கி நல்ல சாளைப் பாட்டோடு திரும்பியதைப் பார்த்து நாங்கள் அவரிடம் கோபித்துக்கொண்டோம். அவர் எங்களைச் சமாதானப்படுத்த முயலவில்லை. மறுநாளும் இறங்க மறுத்தார். அந்த இரண்டு நாள்களையும் நடந்தபடியே எழுதப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் பங்குக்காரர்கள் அனைவரும் அன்று ஊரில் இருப்பார்கள். திருப்பலி முடிந்ததும் ஒவ்வொருவராகப் பதிவு செய்யத் தொடங்குகிறேன். அண்ணியாரிடம் என் மனைவி பேசுகிறாள். பழைய ஒட்டுப்பலகை வள்ளத்தின் தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் இங்கே பகிருங்கள். அவருடைய முதல் வள்ளத்தின் படம் எங்களில் எவரிடமும் இல்லை.