பாணும் மாப்பாலும் நிப்பாட்டினா பிள்ளை கதைப்பானோ?

புதுக்குடியிருப்பு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு நாலு வயசு, ஓட்டிசம் எண்டு சொல்லியிருக்கினம், கதை இன்னும் பெரிசா வரேல்லை. கனடாவில இருக்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில வீடியோ வீடியோவா அனுப்புறா, குளூட்டனும் (கோதுமை மாதிரித் தானியத்தில இருக்கிற புரதம்) பாலும் நிப்பாட்டினா பிள்ளை தானாக் கதைக்குமாம். ஆனா இவன் தின்னுறதே பாண், நூடில்ஸ், மாப்பால் மட்டும்தான், பாணிலயும் கரை இருந்தா தொடமாட்டான், சோறு வாயில வைச்சா ஓங்காளிக்கிறான். நிப்பாட்டினா பட்டினி கிடப்பானோ எண்டு பயம், நிப்பாட்டாட்டி தாய்தான் பிள்ளையைக் கெடுத்தவள் எண்டு மாமி ஆக்கள் கதைப்பினம். ஆராவது செய்து பாத்தனீங்களே?

மாங்குளம் அக்கா:
நாங்கள் செய்தனாங்கள் தங்கச்சி. எங்கட சமையலுக்கு அது பெரிய கஷ்டமில்லை, அரிசிமாப் புட்டு, இடியப்பம், குரக்கன், ஒடியல் ஒண்டிலயும் குளூட்டன் இல்லை. மாட்டுப்படுறது அவிச்ச மாவிலதான், அது கோதுமை, கடைப் புட்டுக்குள்ள கலந்திருந்தா ஆருக்குத் தெரியும்? சோயா சோஸ், மோல்ட் போட்ட பால்மா வகையிலயும் இருக்கும். மகளுக்கு வயித்துப் பொருமல் குறைஞ்சு இரவில நித்திரை கொண்டவள், அது உண்மை. கதை அதாலதான் வந்ததோ எண்டு கேட்டா நான் ஓம் எண்டு சொல்லமாட்டன், அந்த நேரம்தான் ஸ்பீச் தெரபியும் முன்பள்ளியும் தொடங்கினது.

வவுனியா நர்ஸ்:
கோதுமைப் புரதமும் பாலில இருக்கிற கேசீனும் சரியாச் செமிக்காம அபின் மாதிரி மூளையில வேலை செய்யுது எண்டு ஒரு ஊகம், அதில இருந்து வந்த கதைதான் இது. 2008 இல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பாக்கிற கொக்ரேன் அமைப்பு ஆக்கள் ஒழுங்கான ஆய்வுகளைத் தேடினா ரெண்டே ரெண்டு சின்ன ஆய்வு, மொத்தம் 35 பேர், அதை வைச்சு ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது. இங்கிலாந்தின்ர நைஸ் எண்ட சுகாதார அமைப்பின்ர வழிகாட்டி 2013 இல ஓட்டிசத்தின்ர அடிப்படைக் குணங்களுக்காக இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு செய்யவேண்டாம் எண்டு நேரடியாவே எழுதியிருக்கு.

ஆனா தங்கச்சி, வயித்துப் பிரச்சினை வேற விசயம். மலச்சிக்கல், வயித்துக்குத்து இருந்தா சொல்லத் தெரியாத பிள்ளை தலையை இடிக்கும், கத்தும், அதுக்கு வைத்தியம் செய்யத்தான் வேணும். சீலியாக் நோய் (குளூட்டன் திண்டா குடல் பழுதாகிற வருத்தம்) சந்தேகம் எண்டா கோதுமையை நிப்பாட்ட முதல் ரத்தம் சோதியுங்கோ, நிப்பாட்டின பிறகு சோதிச்சா வருத்தம் இருந்தாலும் இல்லையெண்டு காட்டலாம். மாப்பாலை அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்தும் குறையும், அதையும் கிளினிக்கில கேளுங்கோ. பாலை முழுசா நிப்பாட்டினா கல்சியம் எங்க இருந்து? நெத்தலியும் முருங்கையிலையும் தின்னுற பிள்ளையெண்டா நான் பயப்படமாட்டன், உங்கட ஆள் பாண்கரையே தொடாதவர்.

கிளிநொச்சி அப்பா:
உடம்பில இருந்து உலோகம் எடுக்கிறம் எண்டு கீலேசன் மருந்தும் விக்கிறாங்கள், கிட்டவும் போகாதேங்கோ. 2005 இல அமெரிக்காவில அஞ்சு வயசு ஓட்டிசப் பிள்ளை ஒண்டு அந்த ஊசியால செத்தது. மச்சாளுக்கு ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ.

புதுக்குடியிருப்பு அம்மா:
நன்றி. கிளினிக்கில ரத்தம் கேக்கிறன். அக்கா, புட்டு எப்பிடிப் பழக்கினனீங்கள்?

மாங்குளம் அக்கா:
பாணை எடுக்கேல்லை. அதே கோப்பையில ஓரமா ஒரு நுள்ளுப் புட்டு வைச்சிட்டு நான் பேசாம இருந்தன், தின்னச் சொல்லவேயில்லை. முதல் கனநாள் விரலால உதிர்த்து விளையாடினவள், பேந்து மணந்து பாத்தாள், தேங்காய்ப்பூவைப் பொறுக்கித் தின்னத் தொடங்கினாள். இப்பவும் குழைச்சுக் குடுத்தா துப்புவாள்.