கிணற்று நீரில் நைட்ரேட்: உங்கள் வீட்டில் நடந்ததைப் பகிருங்கள்

கிணற்றடி:

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாடை இல்லை, கரிப்பு இல்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படிவுகூட அதிகம் விழாது. வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் என் ஏழு வாரக் குழந்தையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எனக்குத் தாய்ப்பால் போதவில்லை. புட்டிப்பால் கொடுக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து, அதில்தான் பவுடரைக் கரைத்தேன். ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்று, கொதி வந்த பிறகும் இருபது நிமிஷம் அடுப்பிலேயே விட்டுவைப்பேன். பாத்திரம் நிறைய வைத்த தண்ணீர் முக்காலுக்கும் கீழே இறங்கியிருக்கும்.

ஒரு நாள் காலையில் குளிப்பாட்டும்போது குழந்தையின் நகக்கண்கள் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தன. உதட்டைச் சுற்றியும் அதே நிறம். அழவில்லை, காய்ச்சல் இல்லை, கை கால் மட்டும் துவண்டு கிடந்தன. ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கக் காலில் மாட்டிய கிளிப் 85, 86 என்றே காட்டிக்கொண்டிருந்தது, ஏறவே இல்லை. இதயத்தில் கோளாறாக இருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். அப்போது ஒரு டாக்டர் குழந்தையிடம் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். சிவப்பே இல்லை, சாக்லேட் நிறம். கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தும் நிறம் மாறவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, “பாலுக்கு எந்தத் தண்ணீர்மா ஊற்றுகிறீர்கள்?” என்று கேட்டார்.

மெத்திலீன் ப்ளூ என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உதடு சிவந்தது. அன்று இரவு துணி மாற்றும்போது மூத்திரம் நீலப்பச்சையாக இருந்ததைப் பார்த்து மறுபடி கதறிவிட்டேன். மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கிணற்று நீரின் அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. நைட்ரேட் லிட்டருக்கு 142 மில்லிகிராம். அந்த வார்த்தையையே அதற்கு முன் நான் கேட்டதில்லை. இங்கே யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்த ஃபில்டர் போடுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சோதனைக்குழாய்:

சகோதரி, குழந்தை தேறியது பெரிய நிம்மதி. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் நைட்ரேட் உயிருள்ள பொருள் அல்ல, கரைந்திருக்கும் உப்பு. தண்ணீர் ஆவியாகும், அது பாத்திரத்திலேயே தங்கிவிடும். 142 இருந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வற்றினால் மிச்சத்தில் 213 ஆகிவிடும். குளோரின் போட்டாலும் போகாது, யூ.வி. விளக்கு வைத்தாலும் போகாது, கரி ஃபில்டரிலும் நிற்காது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் இது ஏன் இப்படித் தாக்குகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். அந்த வயதில் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் பாக்டீரியாக்கள் மேல்குடல் வரை பெருகி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபினாக்கும். அது ஆக்சிஜனைச் சுமக்காது. பெரியவர்கள் உடம்பில் இதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதிய அளவு உண்டு, பிறந்த குழந்தைக்கு அது குறைவு. அதனால்தான் வீட்டில் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரால் நீலம் பாரித்த இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றி 1945இலேயே எழுதிவிட்டார். அங்கேயும் கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால்தான்.

இன்னொரு விஷயம், இதை எங்கள் கூடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். போன வருஷம் ஒருவர் வேறொரு கூடத்தின் அறிக்கையோடு வந்தார். நைட்ரேட் 18 என்று இருந்தது. “45 வரை போகலாமே, பாதிகூட இல்லை” என்று நிம்மதியாகச் சொன்னார். தாளைத் திருப்பிப் பார்த்தால் கீழே சின்ன எழுத்தில் ‘நைட்ரஜனாக’ என்று போட்டிருந்தது. அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். 18 என்பது கிட்டத்தட்ட 80. அவர் வீட்டில் மருமகளுக்கு எட்டாம் மாதம்.

இந்திய தர நிர்ணயத்தில் 45, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 50, இரண்டும் நைட்ரேட்டாகவே அளந்தது. அமெரிக்காவின் 10 என்ற வரம்பு நைட்ரஜனாக அளந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள்.

மாதிரி எடுத்த தண்ணீரைக் குளிர்ச்சியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். இரண்டு நாள் வண்டியிலேயே வெயிலில் கிடந்த பாட்டிலைக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். மழைக்குப் பிறகும் ஒரு முறை எடுங்கள். ஒரே கிணறு கோடையில் 38 காட்டி, மழை ஓய்ந்ததும் 71 காட்டியதை நானே அளந்திருக்கிறேன்.

ஈரமண்:

விவசாயியாக என் பங்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கிணற்றில் இதைச் சேர்த்ததே நான்தான்.

கிணற்றிலிருந்து பன்னிரண்டு எட்டு நடந்தால் மேட்டில் எருக்குழி. அப்பா காலத்திலிருந்து அங்கேயே. கிணற்றுச் சுவர் தரையோடு தரையாக இருந்தது, மழை பெய்தால் பழுப்புத் தண்ணீர் ஓடிவந்து கிணற்று ஓரத்தில் தேங்கி இறங்கும். கண்ணெதிரே பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மண் வடிகட்டிவிடும் என்று நினைத்தேன். கிருமியையும் கலங்கலையும் மண் ஓரளவு வடிகட்டும், நைட்ரேட்டைப் பிடிக்காது. எருவிலும் யூரியாவிலும் உள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியம் ஆகும். அதை மண் பிடித்துவைக்கும். பிறகு மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்கிவிடும். களிமண் துகளுக்கும் எதிர்மின்சுமை, நைட்ரேட்டுக்கும் எதிர்மின்சுமை, அதனால் ஒட்டாமல் தண்ணீரோடு இறங்கிவிடும். மழைக்கு முந்தின நாள் மொத்த யூரியாவையும் விசிறிவிட்டு, மழை நன்றாகப் பிடித்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். பயிர் எடுத்தது போக மிச்சமெல்லாம் கிணற்றுக்குத்தான் போயிருக்கிறது.

96 என்று அறிக்கை வந்த பிறகு எருக்குழியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிப் போட்டேன், அடியில் தளம் பூசினேன். கிணற்றுச் சுவரை இடுப்பளவு உயர்த்திச் சுற்றிலும் சரிவாகத் தளம் போட்டேன். யூரியாவை ஒரே தடவையாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுகிறேன். முதல் வருஷம் எண் அசையவே இல்லை, மனசு விட்டுப்போயிற்று. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கியது கழுவிப்போக வருஷக்கணக்கு ஆகும் என்று பிறகுதான் புரிந்தது. மூன்றாம் வருஷம் 64. இன்னும் குடிக்க ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் ஃபில்டர் மட்டும் போட்டிருந்தால் எண் ஏறிக்கொண்டேதான் போயிருக்கும்.

அம்மா, உங்கள் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மாட்டுக் கொட்டகை, எரு, செப்டிக் டேங்க், அதன் உறிஞ்சுகுழி, இவற்றில் எது கிணற்றுக்கு மேட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

மாடிவீடு:

நாங்கள் ஆர்.ஓ. போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று எட்டு மாதம் இருந்தோம். எங்கள் போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் 120, டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, 900. ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 350. பொருத்தியவர், “சும்மா 70க்கு இறக்கினால் சப்பென்று இருக்கும் சார், இதுதான் சரியான அளவு” என்றார். நாங்களும் அவர் சொன்னதை அப்படியே நம்பினோம்.

தங்கைக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வரப்போகிறது என்றதும் எதற்கும் இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். 49 என்று வந்தது. ஆர்.ஓ.வுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு, அந்த மெம்பிரேன் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே சின்னக் குழாயில் இருந்த ஒரு திருகாணியைக் காட்டினார். டி.டி.எஸ். கன்ட்ரோலர். ருசிக்காக மெம்பிரேனைச் சுற்றிக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கலந்துவிடும் வழி அது. மெம்பிரேன் ஒழுங்காக 12க்கு இறக்கிக்கொண்டிருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு 120 தண்ணீர் சேர்ந்து 49 ஆகிக்கொண்டிருந்தது. திருகை முழுக்க மூடினார். மறுவாரம் சோதித்தபோது 13.

தண்ணீர் சப்பென்றுதான் இருக்கிறது. பழகிவிட்டது. ஆர்.ஓ. வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இன்றே அந்தத் திருகைத் தேடிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குழாய்ப்பணி:

மாடிவீடு சொன்னது முழுக்கச் சரி. பதினாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் நைட்ரேட் எவ்வளவு என்று காட்டாது. கால்சியம், சல்ஃபேட்டை மெம்பிரேன் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. நல்ல அழுத்தம் இருந்தால் 80 முதல் 95 சதவீதம் வரை குறையும். அழுத்தம் குறைந்தால் இதுவும் குறையும், பூஸ்டர் பம்ப் வைத்துத்தான் ஆக வேண்டும். கிணற்றில் 300 இருக்கிறது என்றால் 80 சதவீதம் போனாலும் 60 மிச்சம் நிற்கும். அதனால் முதலில் கிணற்று எண்ணைக் கேட்காமல் நான் எதையும் பொருத்துவதில்லை.

கடினநீருக்குப் போடும் சாஃப்ட்னர் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும், நைட்ரேட் பக்கமே போகாது. இந்தத் தொட்டிகளுக்குள் உப்பைப் பிடித்துவைக்கும் சின்ன மணிகள்தான் ரெசின். நைட்ரேட்டுக்கு வேறு ரெசின், எதிரயனி ரெசின். அதிலும் நான் நேரில் பார்த்த ஒரு சம்பவம். ஒரு வீட்டில் கிணற்றில் 80, ரெசின் தொட்டி தாண்டி 130. வீட்டுக்காரர் நம்பவே இல்லை. தொட்டிக்கு உப்பு போட்டுக் கழுவ மறந்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. சாதாரண ரெசினுக்கு நைட்ரேட்டைவிடச் சல்ஃபேட் மேல்தான் பிடிப்பு அதிகம். இடம் நிரம்பியதும் புதிதாக வரும் சல்ஃபேட் உட்கார, பிடித்துவைத்த நைட்ரேட்டைத் தள்ளிவிடும். அத்தனை நாள் சேர்ந்தது மொத்தமாகக் குழாயில் இறங்கும். ஃபில்டர் இல்லாமல் இருந்ததைவிட மோசம். நைட்ரேட்டையே முதலில் பிடிக்கும் ரெசின் தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்கினால் இந்த ஆபத்து நீங்கும். கழுவுவதை மட்டும் அதிலும் தவறவிடக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், வீடு முழுக்கப் போட வேண்டாம். நைட்ரேட் தோல் வழியாக ஏறாது, குளிக்க, துவைக்கக் கிணற்றுத் தண்ணீரே போதும். குடிக்கவும் சமைக்கவும் அடுப்படியில் ஒரு ஆர்.ஓ., அது போதும். கழிவாகப் போகும் தண்ணீரில் நைட்ரேட் இன்னும் கெட்டியாக இருக்கும், அதைக் கிணற்றடியில் விடாதீர்கள்.

புதுவரவு:

எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். கிணற்றில் 70. கண்டுகொள்ளாமல் விடலாமா?

சோதனைக்குழாய்:

விட வேண்டாம் ஐயா. நாளைக்கே மயக்கம் வராது. ஆனால் நைட்ரேட்டிலிருந்து உடலுக்குள்ளேயே நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகும் நிலையில், அது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010இல் வகைப்படுத்தியிருக்கிறது. இன்னொன்று, நைட்ரேட் ஏறியிருக்கிறது என்றால் கழிவுநீர் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்திருக்கலாம். அதனால் பாக்டீரியா சோதனையையும் சேர்த்தே கொடுங்கள்.

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஈரமண் ஐயா சொன்னபடி நடந்து பார்த்தோம். எங்கள் மேட்டில் எரு இல்லை, செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி இருக்கிறது, கிணற்றிலிருந்து ஒன்பதே மீட்டரில். இடம் மாற்றும் வேலை நடக்கிறது. ஆர்.ஓ. போட்டாயிற்று, திருகு இல்லாததாகக் கேட்டு வாங்கினோம். அடுப்படிக் குழாயில் எடுத்த மாதிரி 15. ஆனாலும் ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்கு மட்டும், பரிசோதித்து வரும் வேறு தண்ணீரில்தான் பால் கரைக்கிறேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார், ஐந்து மாத கர்ப்பம். அவர்கள் கிணறும் அதே மேட்டுக்குக் கீழேதான். என்னிடம் மீதமிருந்த சோதனை ஸ்ட்ரிப் ஒன்றை அவர்கள் வாளித் தண்ணீரில் நனைத்து இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம் முடிவதற்குள்ளேயே அந்தச் சின்னச் சதுரம் வெளிர் ரோஜா நிறத்தைத் தாண்டி அடர்ந்துவிட்டது. காலையில் பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நானே அவரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போகிறேன்.