டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பேஸ்பால் ஆட்டம் புரிய

வேலை இடத்தில் யாராவது நம் ஊர் பேஸ்பால் அணியான புளூ ஜேஸ் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஒரு சீசனில் 162 ஆட்டம், அதில் பாதி சொந்த மைதானத்தில், அதனால் கோடை முழுக்க வாய்ப்பு வந்துகொண்டே இருக்கும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

களத்தில் ஒன்பது பேர், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் பேட் செய்யும், மூன்று அவுட் விழுந்தால் அடுத்த அணியின் முறை. அவுட் ஆனவரும் வரிசையில் தன் முறை வரும்போது மறுபடி வருவார். பேட்டர் நின்று அடிக்கும் இடம் ஹோம் பிளேட், அதோடு சேர்ந்து ஒரு சதுரத்தின் மற்ற மூன்று மூலைகளில் இருப்பவை பேஸ். அடித்தவர் மூன்று பேஸையும் தொட்டு, கிளம்பிய ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால்தான் ஒரு ரன்.

பந்து பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் போனால் ஸ்ட்ரைக், அதற்கு வெளியே போய் பேட்டரும் சுழற்றாமல் விட்டால் ‘பால்’. சுழற்றித் தவறவிட்டால் எங்கே போனாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், நான்கு ‘பால்’ வந்தால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். ஸ்கோர்போர்டில் 3-2 என்று இருந்தால் முதல் எண் ‘பால்’, அடுத்தது ஸ்ட்ரைக். அப்போது அரங்கமே எழுந்து நிற்கும்.

கிரிக்கெட்டில் பின்னால் தட்டிவிட்டும் ரன் எடுக்கலாம், இங்கே முடியாது. முதல், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் கோடுகளுக்கு வெளியே அடித்தால் ஃபவுல், அதுவும் ஸ்ட்ரைக் கணக்கு. ஆனால் ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால், பேட்டைச் சுழற்றி அடித்த ஃபவுலை மூன்றாவதாக எண்ண மாட்டார்கள்.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்: சில சமயம் ஃபீல்டர் பந்தோடு பேஸை மிதித்தாலே அவுட், சில சமயம் ஓடுபவரையே தொட வேண்டியிருக்கிறது, ஏன்? கோட்டுக்குள்ளே தரையில் அடித்தால் பேட்டர் ஓடியே தீர வேண்டும், ‘வேண்டாம்’ என்று நிற்க முடியாது. ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம், அதனால் முதல் பேஸில் ஏற்கெனவே நிற்பவரும் இரண்டாவதுக்குக் கிளம்பியாக வேண்டும். இப்படிக் கட்டாயத்தில் ஓடுகிறவருக்குப் பேஸை மிதித்தால் போதும். பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து உடனே முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேரைத் தூக்குவார்களே, அந்த டபுள் பிளே வருவது இதனால்தான். முதல் பேஸ் காலியாக இருந்து இரண்டாவதில் மட்டும் ஆள் நின்றால் அவருக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை, அவர் தானாக ஓடினால் பந்தோடு அவரைத் தொட்டாக வேண்டும்.

அப்புறம், கேட்ச் பிடித்தால் அடித்தவர் அவுட், மற்றவர்கள் தங்கள் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்கு ஓடலாம்.

பிள்ளைகளோடு போனால் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் இருக்கை எடுங்கள், ஃபவுல் பந்து கூட்டத்துக்குள் மிக வேகமாக வரும். அதைப் பிடித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.