மெசா வெர்டே மலைக்குகை ஊர்கள்: அப்பா அம்மாவோட போறோம், ஏணி ஏற முடியுங்களா?

திருப்பூர்_தையல்:

வணக்கமுங்க. ஜூன் கடைசியில குடும்பத்தோட தம்பி வீட்டுக்கு, அமெரிக்காவுல பீனிக்ஸுக்குப் போறோம். அங்கிருந்து கார்ல கொலராடோ போயி மெசா வெர்டே தேசியப் பூங்காவைப் பார்க்கலாம்னு ரோசனை. பாறைப் பொந்துக்குள்ள ஊரே கட்டி வெச்சிருக்காங்களே, அதுதான்.

அப்பாவுக்கு 68. முழங்கால் வலி உண்டு, ஆனா பழனிக்கு வருசா வருசம் நடந்தே போறவரு. அம்மா சேலை மட்டும்தான் கட்டுவாங்க. பையனுக்கு 8 வயசு. கிளிஃப் பேலஸ், பால்கனி ஹவுஸ், லாங் ஹவுஸ்னு மூணு பேரு சொல்றாங்க. எது எங்களுக்கு ஆகும்? ஒரு நாள் போதுங்களா? டிக்கெட்டை இங்கிருந்தே எடுக்கலாமா? நாங்க சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஊத்துக்குளி_வெண்ணெய்:

பழனி நடந்தவருன்னு சொன்னீங்க, அதை வெச்சே சொல்லிப்போடறேன். பழனியில ஏறிட்டு இறங்கறோம். இங்க முதல்ல இறங்கணும், கடைசியில ஏறணும். ஊருங்க எல்லாம் பாறை விளிம்புக்குக் கீழ இருக்குது, கார் நிக்கறது மேல. போகும்போது சுளுவாத்தான் தெரியும். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், அதுக்குள்ள வெயிலும் ஏறியிருக்கும். அந்த இடம் சுமார் 7,000 அடி உயரம், கிட்டத்தட்ட ஊட்டிக்குச் சமம். பீனிக்ஸ் 1,100 அடிதான். முந்தின நாள் அங்கிருந்து வந்தவங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். ஊட்டி மாதிரி ஈரக்காத்தும் கிடையாது, காய்ஞ்ச காத்து. வேர்க்கறதே தெரியாம ஒடம்புல தண்ணி வத்திப் போகும். தலைவலி வந்தா பெரும்பாலும் அதுதான் காரணம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி கணக்கு வெச்சுக்குங்க.

இனி ஒவ்வொண்ணா.

கிளிஃப் பேலஸ்: மூணுல இதுதான் நடை குறைச்சல், கால் மைல் கூட வராது. மேடும் பள்ளமுமான கல்படியில இறங்கி, எட்டு பத்து அடி உசரத்துல நாலஞ்சு மர ஏணி ஏறி வெளிய வரணும். மொத்த ஏத்த இறக்கம் 100 அடி போல. முழங்கால் வலிக்காரருக்கு ஏணியை விட அந்தக் கல்படிதான் தொந்தரவு. ஒரு படி அரை அடி, அடுத்தது முக்கால் அடின்னு இருக்கும்.

பால்கனி ஹவுஸ்: இது வேற ரகம். 32 அடி ஏணி ஒண்ணு, பாறைச் சுவத்துல சாத்தி வெச்சது. அப்புறம் 18 அங்குல அகலத்துல 12 அடி நீளத்துக்கு ஒரு பொந்து, முட்டி போட்டுத் தவழ்ந்து போகணும். கடைசியில திறந்த பாறையில 60 அடி ஏத்தம், நடுவுல ஏணிங்க. அப்பாவுக்கு வேண்டாம். வலியோட முட்டியைக் கல்லுல ஊனித் தவழறது ஆகாத காரியம். நடுவுல வேண்டாம்னு திரும்பறதும் கஷ்டம், பின்னால வரிசை நிக்கும். பையனுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், ஏணி பயம் இல்லாட்டி.

லாங் ஹவுஸ்: பூங்காவுல வெதரில் மெசாங்கற இன்னொரு பக்கம் (மெசான்னா மேல தட்டையா இருக்கற மலை). இரண்டே கால் மைல் நடை, ரெண்டு மணி நேரம். கிளிஃப் பேலஸை விட ஊருக்குள்ள அதிகமா நடந்து பார்க்கலாம். ஆனா ஒரே நாள்ல போறவங்க இதைச் சேர்த்தா நாள் முழுக்கக் கார்லயே போயிடும்.

காலை விட முக்கியமா ரெண்டு பார்க்கணும்: பயமும் கைப்பிடியும். வெள்ளியங்கிரி ஏறினவங்க கூட, கீழ பள்ளம் தெரியற ஏணியில நடுவுல நின்னுடுவாங்க. வீட்டு மாடிக்குச் சாத்தற ஏணியில பத்து அடி ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்க. கை நடுங்கினா கிளிஃப் பேலஸும் வேண்டாம். மேல இருந்து பார்க்கறதுக்கே அங்க அரை நாள் வேலை இருக்குது.

அம்மாவுக்குச் சேலை ஆகாதுங்க. ஏணியில கொசுவம் காலுக்கடியில மாட்டும், ரெண்டு கையும் ஏணியைப் பிடிச்சிருக்கும்போது தூக்கிப் பிடிக்க வழியில்லை. அந்த ஒரு காலைக்கு மட்டும் சுடிதார், மூடின ஷூ. ரெண்டுக்கும் ஒத்துக்கலைன்னா அம்மாவும் அப்பாவும் மேலயே இருந்து பார்க்கறது நல்லது.

கோபி_வாய்க்கால்:

டிக்கெட், வண்டி, நேரம் பத்தி நான் சொல்றேன். இந்த ஊருல ஏமாறுறவங்க அதிகம் பேர் ஏமாறுறது நேரத்துலதான்.

அந்த மூணு ஊருக்கும் வனக்காவலர் கூட்டிட்டுப் போற சுற்றுலதான் போகணும். அதுக்கு டிக்கெட் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்துல மட்டும். ஆளுக்கு 8 டாலர் கணக்குல இருந்துட்டு வருது. பூங்கா நுழைவுக் கட்டணம் இதுல சேராது, அதை வாசல்ல வண்டிக்குத் தனியாக் கட்டணும். கார்டு கையில இருக்கட்டும். நுழைவுக் கட்டணம், பாஸ் விதி எல்லாம் அடிக்கடி மாறுது, வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி விலையும் வந்திருக்குது, அதனால கிளம்பற வாரம் ஒரு தடவை பார்த்துக்குங்க. அதே மாதிரி, எந்த ஊரு திறந்திருக்குதுன்னும் பூங்கா பக்கத்துல பார்த்துட்டுத்தான் டிக்கெட்டுக்கு உக்காரணும். பாறை சரியறதுக்கும் ரோடு வேலைக்கும் ஒண்ணொண்ணா மூடுவாங்க. ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் 2015ல பாறை விழுந்து மூடினது, இன்னும் உள்ள விடறதில்லை.

போற நாளுக்குச் சரியா 14 நாள் முன்னாடி, கொலராடோ நேரம் காலை 8 மணிக்கு டிக்கெட்டைத் திறப்பாங்க. ஜூன் மாசம் அது நமக்குப் பொழுதோட, அதாவது சாயங்காலம் ஏழரை. ஜூன் 25க்கு வேணும்னா ஜூன் 11, ஏழேகாலுக்கே கணக்குத் திறந்து உள்ள போயித் தயாரா இருங்க. காலை முதல் சுற்றுங்கதான் முதல்ல காலியாகும். இந்திய கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்ல முன்னாடியே திறந்து வெக்கணும், இல்லாட்டி பணம் கட்டற இடத்துல நின்னுபோயி டிக்கெட் கைவிட்டுப் போகும். தம்பியை எடுக்கச் சொல்றது இன்னும் மேல். ஆனா தம்பிக்கு அது காலை 7 மணி, 8 இல்லை.

ஏன்னா அரிசோனாவுல கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னாடி தள்ள மாட்டாங்க, கொலராடோவுல தள்ளுவாங்க. கோடையில கொலராடோ ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். வழியில வர்ற நவஹோ மக்களோட பகுதி அரிசோனாவுக்குள்ள இருந்தாலும் கடிகாரத்தைத் தள்ளும். அதுக்கு நடுவுல இருக்கற ஹோப்பி பகுதி தள்ளாது. ட்யூபா சிட்டி பக்கம் போனா கைப்பேசி கடிகாரம் முன்னயும் பின்னயும் குதிக்கும். அதை நம்பி அலாரம் வெச்சு சுற்றைத் தவற விட்டவங்க உண்டு. கிளம்பும்போதே ஒரு கைக்கடிகாரத்தைக் கொலராடோ நேரத்துக்கு வெச்சுட்டீங்கன்னா பிரச்சினை இல்லை.

தூரம்: பீனிக்ஸ், ஃப்ளாக்ஸ்டாஃப், ட்யூபா சிட்டி, கயென்ட்டா, கோர்ட்டெஸ். சுமார் 400 மைல், நிறுத்தாம ஓட்டினாலே ஆறரை ஏழு மணி நேரம். கோயமுத்தூர்ல இருந்து சென்னையையும் தாண்டிப் போற தூரம். ஒரே நாள்ல போயி, பார்த்து, திரும்பறதெல்லாம் நடக்காது. ரெண்டு ராத்திரி தங்குங்க. கோர்ட்டெஸ் ஊருல தங்கினா பூங்கா வாசல் பத்து மைல். உள்ளேயே ஃபார் வியூ லாட்ஜ் இருக்குது, விலை கூட, ஆனா காலையில முக்கால் மணி நேர ஓட்டம் மிச்சம். டீசலோ பெட்ரோலோ, ஃப்ளாக்ஸ்டாஃப் தாண்டினா கிடைக்கற இடத்துல நிரப்பிக்குங்க. நடுவுல நீளமா ஒண்ணுமே வராது.

இன்னொரு தப்பு: வாசல்ங்கறது ஊரு இல்லை. வாசல்ல இருந்து, கிளிஃப் பேலஸ் இருக்கற சேப்பின் மெசாவுக்கு 21 மைல் மலைப்பாதை. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி போற தூரம்னு வெச்சுக்குங்களேன். முக்கால் மணி நேரம் ஆகும், கிளிஃப் பேலஸ் நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம். 9 மணி டிக்கெட்டுக்கு எட்டரைக்கு வாசல்ல நின்னா போச்சு. வனக்காவலர் குழுவைக் கூட்டிட்டு இறங்கிட்டா காத்திருக்க மாட்டாரு. வாசலை ஏழரைக்கே தாண்டிடணும்.

திருப்பூர்_தையல்:

ரொம்ப நன்றிங்க, இந்த நேரக் கூத்து எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்ப நானும் பையனும் கிளிஃப் பேலஸ் இறங்கறோம், அப்பா அம்மா மேலயே இருக்கட்டும். அவங்க எங்க உக்காந்து என்னத்தைப் பார்ப்பாங்க? அப்பா விவசாயி, சும்மா சுவத்தைப் பார்த்தா ஒத்துக்க மாட்டாரு.

காங்கயம்_கொறங்காடு:

விவசாயின்னா அவருதான் உங்க எல்லாரையும் விட அதிகமா ரசிப்பாரு.

நமக்குக் குகைன்னா அறச்சலூர் நாகமலை, புகலூர் ஆறுநாட்டார் மலை மாதிரி சமணர் படுக்கைதான் ஞாபகம் வரும். அது துறவிங்க தங்கறதுக்கு இயற்கைக் குகையில படுக்கை வெட்டினது. மெசா வெர்டே அப்படி இல்லை. பாறையை யாரும் குடையலை. இயற்கையா விழுந்த பொந்துக்குள்ள, இன்னைக்குப் பியூப்லோன்னு சொல்ற பழங்குடி மக்களோட முன்னோர் செதுக்கின மணல்கல்லும் மண்சாந்தும் வெச்சு அறை அறையாக் கட்டின ஊரு. கிளிஃப் பேலஸ்ல மட்டும் 150 அறை போல. பூங்கா முழுக்க இப்படிப் பாறைவீடுங்க சுமார் 600. பெரும்பாலானது ரெண்டு மூணு அறைதான்.

பொந்து எப்படி வந்துச்சுன்னு அப்பாவுக்குச் சொல்லுங்க, கிணறு வெட்டினவங்களுக்குச் சட்டுனு புரியும். மேல மணல்கல், அதுக்கடியில களிமண் பாறை. மழையும் பனியும் மணல்கல்லுக்குள்ள இறங்கும், களிமண் பாறைக்குக் கீழ போக முடியாம பக்கவாட்டுல கசியும். கசிஞ்ச தண்ணி குளிர்ல உறைஞ்சு பாறையைப் பட்டை பட்டையா உதிர்க்கும். அப்படி உதிர்ந்து உதிர்ந்து வந்ததுதான் அந்தப் பொந்து. அதனாலதான் சில பொந்துல பின்சுவத்துலயே ஊத்தும் இருக்குது. தங்கற இடமும் குடிதண்ணியும் ஒரே காரணத்தால கிடைச்சது.

இனி வெள்ளாமை. ஊரு கீழ, காடு மேல. மக்காச்சோளம், பயறு, பூசணி, எல்லாம் மானாவாரி. காத்துல அடிச்சு வந்து படிஞ்ச செம்மண்ணு, ஈரத்தைப் பிடிச்சு வெக்கும். வருசத்துக்கு மழையும் பனியுமாச் சேர்ந்து 18 அங்குலம் போல, நம்ம காங்கயம் பக்கத்தை விடவும் கம்மி. ஓடைக்குக் குறுக்க கல்லடுக்கி மண்ணைத் தடுத்து வயல் பண்ணியிருக்காங்க. வான்கோழியும் வளர்த்திருக்காங்க. ஃபார் வியூ பக்கத்துல சுமார் 90 அடி அகலத்துல வட்டமாக் கல் கட்டின பள்ளம் ஒண்ணு இருக்குது. மழைத்தண்ணிக் குட்டைன்னு ஒரு சாரார், அதுல தண்ணியே நிக்காது, சடங்கு நடந்த இடம்னு இன்னொரு சாரார். இன்னும் வாதாடிட்டு இருக்காங்க. அப்பாவை அங்க நிறுத்திக் கேளுங்க, வரத்து வாய்க்கால் எங்கன்னு முதல்ல அதைத்தான் தேடுவாரு.

நீங்க இறங்கற நேரத்துல பெரியவங்களைச் சேப்பின் மெசா அருங்காட்சியகத்துப் பக்கம் விடுங்க. அங்கிருந்தே ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் எதிர்ல தெரியும், நிழலும் கழிப்பறையும் உண்டு. நீங்க மேல வந்த பொறவு மெசா டாப் சுற்றுப்பாதை, ஆறு மைல், கார்லயே. ஸ்கொயர் டவர் ஹவுஸ், சன் பாயின்ட், சன் டெம்பிள் மூணுலயும் நிறுத்துங்க. நிறுத்தத்துல இருந்து கொஞ்ச தூரம்தான் நடை. சன் டெம்பிள் கிட்ட நின்னா பள்ளத்தாக்குக்கு அக்கட்டால கிளிஃப் பேலஸ் முழுசாத் தெரியும், அதுவும் மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா உள்ள விழும்போது. உண்மையைச் சொன்னா, ஊரோட மொத்த உருவம் உள்ள இறங்கினவங்களை விட இங்க நிக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஒரு பைனாகுலர் கொண்டு போங்க.

பையன் வட்டவட்டமான பள்ளத்தைப் பார்த்துக் கெணறான்னு கேப்பான். இல்லை. அது கிவா, தரைக்கடியில கட்டின கூடம். அன்னைக்கு மேல மரமும் மண்ணும் போட்ட தட்டைக் கூரை இருந்துச்சு, அந்தக் கூரையே முற்றம். நடுவுல புகைபோற ஓட்டை வழியா ஏணியில இறங்குவாங்க. உள்ள அடுப்புக்குழி, பக்கத்துல காத்து வர்ற துளை, அந்தக் காத்து நேரா நெருப்பு மேல அடிக்காம நடுவுல ஒரு தடுப்புக்கல். தரையில சின்னதா இன்னொரு குழி தெரிஞ்சா அது சிபாபு, முன்னோர் பூமிக்கடியில இருந்து வெளிய வந்த வாசலோட அடையாளம்.

பாறைக்குள்ள கட்டினது 1190களுக்கு மேலதான். உத்தரத்து மர வளையத்தை எண்ணி வருசத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. 1276ல இருந்து 1299 வரைக்கும் நெடும் வறட்சி. 1300 வாக்குல எல்லாரும் தெக்க போயிட்டாங்க. மர்மமாக் காணாமப் போன சனம்னு வீடியோவுல சொல்லுவாங்க, அது தப்பு. ஹோப்பி, சூனி, அக்கோமான்னு இன்னைக்கு இருக்கற பியூப்லோ மக்கள் எல்லாம் அவங்க வாரிசுங்கதான், இன்னைக்கும் அந்த இடத்தை முன்னோர் இடமா மதிக்கறவங்க. சுவத்துல கை வெக்கவோ சாயவோ கூடாது, ஓட்டாஞ்சில்லு கண்ணுல பட்டா எடுக்கக் கூடாது.

பெருந்துறை_அன்னபூரணம்:

சாப்பாட்டை யாரும் சொல்லலையே. சுற்றுல தண்ணி மட்டும்தான் விடுவாங்க, மிட்டாய் கூட வேண்டாம். மேல உக்காந்து சாப்பிட மேசை போட்ட இடங்க இருக்குது. கோர்ட்டெஸ்ல தங்கற அறையில சின்ன அடுப்பு இருக்கற மாதிரிப் பாருங்க. புளிசாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு நிக்கும். தயிர்சாதம் ஐஸ் பெட்டி இல்லாம வேண்டாம், காருக்குள்ள மத்தியானமே புளிச்சுப் போகும். உள்ள இருக்கற கடையில நவஹோ டாக்கோன்னு பொரிச்ச ரொட்டி மேல பயறு போட்டுத் தருவாங்க, இறைச்சி இல்லாமக் கேளுங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டாம் நாள் காலையில நேரம் இருந்தா, வெதரில் மெசா ரோடும் திறந்திருந்தா, ஸ்டெப் ஹவுஸ் போங்க. டிக்கெட் வேண்டாம், நாமளே இறங்கிப் பார்க்கலாம், ஒரு மைல் சுற்று. பெரிய ஏணி இல்லை, வளைஞ்சு இறங்கற பாதை. அப்பா மெதுவா ஒரு கைத்தடியோட இறங்கினா அவருக்கும் ஒரு குகை ஊருக்குள்ள நின்ன மாதிரி ஆச்சு. கி.பி. 600கள்ல தோண்டின குழிவீடும் 1200கள்ல கட்டின கல்வீடும் ஒரே பொந்துக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருக்கறது அங்கதான். வாசல்ல இருந்து ஒண்ணேகால் மணி நேர ஓட்டம். ஜூலை பொறந்துட்டா மத்தியானத்துக்கு மேல இடிமழை வரும், அதனால எட்டு மணிக்குள்ள கிளம்பிடுங்க.

திருப்பூர்_தையல்:

சரிங்க, அப்படியே பண்ணிக்கறோம். 11ந் தேதி பொழுதோட ஏழேகாலுக்குக் கணினி முன்னாடி உக்காந்துடறேன். அப்பாவுக்கு அந்தக் குட்டை விவகாரத்தைச் சொன்னதுக்கே, படம் இருந்தாக் காட்டுங்கறாரு.