ட்ராஃபிக்ல வண்டி ஹீட் ஆகுது, இன்ஜின் ஹெட்டை இறக்கணும்ங்கறாங்க, அவசரம்

தாம்பரம்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல எடுத்த வண்டி, நேத்து சாயங்காலம் பெருங்களத்தூர் ட்ராஃபிக்ல நிக்கும்போது சிவப்பு லைட் எரிஞ்சுது, ஓரங்கட்டி பானட்டை தூக்கினா கூலன்ட் பாட்டில்ல தளதளன்னு கொதிக்குது. பக்கத்துல இருந்த மெக்கானிக் பார்த்துட்டு ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில கூலன்ட்டும் ஆயிலும் கலக்காம தடுக்கற சீல்) போயிருச்சு, ஹெட்டை இறக்கணும், முப்பத்தஞ்சாயிரம் ஆகும்ங்கறார். சனிக்கிழமை விடியக்காலைல குடும்பத்தோட திருச்செந்தூர் கிளம்பணும், பையனுக்கு மொட்டை. என்ன பண்றது, சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_மோட்டார்:
என்ன வண்டிங்க? பெட்ரோலா டீசலா, எந்த வருஷம், எத்தன கிலோமீட்டர்? இதெல்லாம் தெரியாம என்னத்த சொல்றதுங்க.

மதுர_மணி:
அண்ணே தெர்மோஸ்டாட் வால்வு மாட்டிக்கிச்சு, அதான் இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிறது. நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையே இல்ல, கழட்டி தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க. எங்க மாமா வண்டில கழட்டி வருஷக்கணக்காச்சு, ஒண்ணும் ஆகல.

பெட்ரோல்_விரோதி:
எல்லாம் இந்த ஈ20, அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பண்ற வேலை. பழைய வண்டி எல்லாத்துக்கும் இதே கதைதான் இப்ப.

சீனியர்_கியர்:
ஹீட் ஆகுதுன்னு இதுக்கு முன்னாடி எத்தனையோ இழை இருக்கு, தேடிப் பார்த்துட்டு கேக்கணும்னு யாருக்கும் தோணறதில்ல. டாக்டர்கிட்ட போயி உடம்பு சரியில்லன்னு மட்டும் சொன்னா எந்த மருந்தைக் கொடுப்பார்? மொதல்ல விவரம், அப்புறம் சந்தேகம்.

தாம்பரம்_வாசி:
ஹோண்டா சிட்டி 2010, பெட்ரோல், மேனுவல். மீட்டர்ல ஒரு லட்சத்து பதினாலாயிரம் காட்டுது.

கோவை_மோட்டார்:
சரிங்க. அந்த மாடல்ல டெம்பரேச்சர் முள்ளு கிடையாது, இன்ஜின் குளிர்ச்சியா இருந்தா நீல லைட்டு, கொதிச்சா சிவப்பு லைட்டு, அவ்வளவுதான். சிவப்பு எரியுதுன்னாலே ஏற்கனவே நல்லா ஏறிருச்சுன்னு அர்த்தம், அதனால அது எரியறப்ப ஒரு அடி கூட ஓட்டாதீங்க. இப்ப மூணு கேள்வி. பைபாஸ்ல 80, 90ல போறப்ப சூடாகுதா? ட்ராஃபிக்ல நிக்கறப்ப ஏசி கூலிங் எப்படி? பாட்டில்ல இருக்கறது கலர் கூலன்டா, வெறும் தண்ணியா?

தாம்பரம்_வாசி:
பைபாஸ்ல ஒண்ணுமே இல்ல சார், செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். ட்ராஃபிக்ல நின்னா ஏசி சூடா வீசும், வண்டி நகர்ந்தா கூலிங் வந்துரும், கேஸ் கம்மின்னு நெனச்சேன். பாட்டில்ல செம்மண் கலர்ல இருக்கு.

கோவை_மோட்டார்:
பாதி விடை கெடச்சிருச்சுங்க. ஓடறப்ப எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்திருது, நின்னா காத்து இழுக்க ஃபேன் மட்டும்தான். ஏசியோட சூட்டை வெளிய தள்ற கண்டன்சரும் ரேடியேட்டருக்கு முன்னாடியே இருக்கறதால ரெண்டும் ஒண்ணா படுத்துக்குது. தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கிட்டிருந்தா பைபாஸ்லயும் கொதிச்சிருக்கணும்.

காலைல இன்ஜின் ஆறிக் கெடக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு பானட்டை தூக்குங்க. உள்ள பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஃபேன் இருக்கும், ரெண்டும் சுத்தணும். ஒண்ணு நின்னுதுன்னா மொதல்ல ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்கு கரண்ட் விடற ரிலே, அதே மாதிரி இன்னொரு ரிலேவை மாத்தி சொருகிப் பாருங்க. அதுக்கும் அசையலன்னா நீளமான ஸ்க்ரூடிரைவரோட மரப்பிடியால மோட்டார் முதுகுல லேசா தட்டுங்க, கையி பிளேடு பக்கம் போகாம. தட்டினதும் சுத்த ஆரம்பிச்சா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சு, மோட்டார் மாத்தணும். கேஸ்கட் பேச்சு அதுக்கு அப்புறம்தான்.

மதுர_மணி:
தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா இந்தப் பிரச்சினையே வராதுல்ல?

சீனியர்_கியர்:
வரும். ஃபேன் சுத்தலன்னா தெர்மோஸ்டாட் இருந்தாலும் இல்லாட்டியும் கொதிக்கும். எடுத்துட்டா இன்ஜின் சூடேற நேரம் ஆகும், நீல லைட் சீக்கிரம் அணையாது, அதுவரைக்கும் ஈசியூ (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) பெட்ரோலை அதிகமா ஊத்திட்டே இருக்கும். பேசிக் தெரியாம ஆலோசனை சொல்றவங்களாலதான் பாதி இன்ஜின் வீணாப்போகுது.

மதுர_மணி:
பேசிக் எல்லாம் எங்களுக்கும் தெரியும் சார், மரியாதையா பேசுங்க.

நெல்லை_டிரைவர்:
ஏலே விடுங்கப்பா, பாவம் அந்தாளு மொட்டைக்குப் போவணும். தம்பி, கேஸ்கட்டு போயிருக்கான்னு நீங்களே பாக்கலாம். ஆயில் ஊத்துற மூடியைத் தொறங்க, அடியில பால்காப்பி கலர்ல ஆடை கட்டியிருக்கா? காலைல மொத ஸ்டார்ட்ல வெள்ளைப் புகை நிக்காம வருதா? இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியத் தொறந்து வச்சி ஸ்டார்ட் பண்ணுங்க, விடாம குமிழி குமிழியா வருதா? இது ஒண்ணும் இல்லைன்னா ஹெட்டுல கைய வைக்க விடாதீங்க. சூட்டுல மட்டும் மூடியத் தொட்டுராதீங்க, பிரஷர்ல முகத்துல அடிச்சிரும். செம்மண் கலர்னா முன்ன வச்சிருந்தவரு போர் தண்ணியத்தான் ஊத்தியிருக்காரு, உள்ள துரு. ஃப்ளஷ் பண்ணிட்டு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துங்க.

பெட்ரோல்_விரோதி:
ஃபேன் ஃபேன்னு சொல்றீங்க, ஈ20 பத்தி ஏன் ஒருத்தரும் பேசல? என் பழைய வண்டில மைலேஜ் 14லருந்து 12க்கு வந்துருச்சு.

சீனியர்_கியர்:
பெட்ரோலுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்? 14லருந்து 12ன்னா 14 சதவீதம், அவ்வளவு எத்தனாலால மட்டும் குறையாது. ஏர் ஃபில்டர் பாருங்க, டயர் காத்து பாருங்க.

பெட்ரோல்_விரோதி:
நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட அறிக்கையிலேயே பழைய கார்களுக்கு 6, 7 சதவீதம் குறையும்னு போட்டிருக்கு. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிலதான் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் அதுக்கேத்த மாதிரி மாத்தினாங்க. 2010 வண்டி வச்சிருக்கவன் ஃபியூயல் ஹோஸைப் பார்க்கவே வேணாமா?

கோவை_மோட்டார்:
ஹோஸ் பார்க்கச் சொல்றது நியாயந்தானுங்க, ஆனா கொதிக்கறதுக்கு அது காரணம் இல்ல. தனி இழை போட்டுக்குங்க. தாம்பரம் சார், 2010 வண்டின்னா 15 வருஷம் முடிஞ்சிருக்குமே, ஆர்சி புதுப்பிச்சாச்சா?

தாம்பரம்_வாசி:
வித்தவர் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னார். ஆர்சி பார்க்கறேன்.

நெல்லை_டிரைவர்:
இன்னிக்கே பாருங்க தம்பி. 2022 ஏப்ரல்லருந்து காருக்கு புதுப்பிக்கிற ஃபீஸே 5000, முன்ன 600தான். கிரீன் டேக்ஸ் தனி. புதுப்பிச்சா அஞ்சு வருஷத்துக்கு ஓடும். தேதி தாண்டியிருந்தா நெடுந்தூரம் எடுத்துட்டுப் போவாதீங்க, ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் மொதல்ல பிடிப்பான். இந்த வயசு வண்டிக்கு லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, இன்ஜின் மவுண்டு, ரேடியேட்டர் ஹோஸ்னு வரிசையா வரும், வருஷத்துக்கு முப்பதாயிரம் ஒதுக்கி வச்சிருங்க. டைமிங் செயின் வண்டிங்கறதால பெல்ட் செலவு இல்ல, ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்துங்க.

தாம்பரம்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. ரேடியேட்டர் பக்க ஃபேன் சுத்தல, தட்டினதும் சுத்துச்சு. சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல மோட்டார் வாங்கி மாட்டி, ஃப்ளஷ் பண்ணி கூலன்ட் ஊத்தியாச்சு, எல்லாம் ஆறாயிரத்துக்குள்ள. அரைமணி நேரம் ஏசி போட்டு நிறுத்தி வச்சும் சிவப்பு லைட் வரல. ஆயில் மூடி சுத்தமா இருக்கு. ஆர்சி போன மாசமே முடிஞ்சிருக்கு, அதனால திருச்செந்தூருக்கு ட்ரெயின்ல போறோம், தட்கல் கெடச்சுது.

மதுர_மணி:
நல்லதுண்ணே. வித்தவரை விடாதீங்க, லேட் ஃபீஸை அவர்கிட்ட கேளுங்க.

பெட்ரோல்_விரோதி:
ஃபியூயல் ஹோஸ் பார்த்தீங்களா?

வேலூர்_ராஜா:
எனக்கும் இதே 2010 சிட்டி, இதே பிரச்சினை. மோட்டார் எந்த கம்பெனி போட்டீங்க, கடைல ஒரிஜினலா லோக்கலா? கொஞ்சம் சொல்லுங்க சார்.