மரத்தில் ஏறி வெட்டுபவருக்கு முழுச்சுற்று பேன்ட் கட்டாயமா?

புதுக்கிளை:
வணக்கம். கயிற்றில் ஏறி மரம் வெட்டும் பயிற்சியை முடித்துவிட்டேன், இனி சொந்தமாகக் கருவி வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. மேலே செயின் ரம்பம் எடுப்பதென்றால், ஓடும் செயினைத் தடுக்கும் அடுக்கு காலை முழுக்கச் சுற்றி மூடும் சி வகை பேன்ட் இல்லாமல் ஏறாதே என்கிறார் பயிற்சி கொடுத்தவர். நான் சேரப்போகும் குழுவின் மூத்தவரோ, முன்பக்கம் மட்டும் மூடும் ஏ வகையே போதும், மிச்சப் பணத்தைக் கயிற்றிலும், உடம்பைக் கயிற்றோடு இணைக்கும் பட்டையான ஹார்னஸிலும் போடு என்கிறார். இரண்டு பேரும் அனுபவசாலிகள். இன்னொருவர் தன் பழைய கயிறு, ஹெல்மெட், ஒரு சிறிய செயின் ரம்பம் மூன்றையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடலாம்?

கவை:
பயிற்சி கொடுத்தவர் சொன்னதைக் கேளுங்கள். ஏ வகை எந்த வேலைக்குப் பொருந்தும் என்று யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் ரம்பத்தைப் பிடித்து, கீழே கிடக்கும் தடியை அறுப்பவருக்கு அது சரி. அந்த நிலையில் செயின் காலைத் தொட்டால் பெரும்பாலும் இடது தொடை, இடது முழங்கால், அதுவும் முன்பக்கமாகத்தான் தொடும். அதனால் தடுப்பு அடுக்கு முன்பக்கத்தில் இருக்கிறது, ஓரத்தில் சிறு பட்டையாகக் கொஞ்சம் திரும்புகிறது. கெண்டைக்காலிலும் தொடையின் பின்புறத்திலும் இருப்பது வெறும் துணி.

மரத்தில் அப்படியா நிற்கிறோம்? ஒரு கால் கவட்டில் இருக்கும், மறு கால் அடிமரத்தை அணைத்திருக்கும், இடுப்பு வேறு பக்கம் திரும்பியிருக்கும். வெட்டு முடிந்ததும் ரம்பம் சரியும்போது அது காலின் எந்தப் பக்கம் வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே எடுத்துப்போகும் சிறிய ரம்பத்தில் இரண்டு கைப்பிடிகளும் நெருங்கி இருக்கின்றன. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியில் மேல்பாதி எங்காவது இடித்து ரம்பம் எகிறினால், அதைத் தடுக்கக் கைக்குக் கிடைக்கும் நெம்புவிசை குறைவு. மேல்கைப்பிடி ரம்பம் பயிற்சி பெற்று மரத்தின் மேல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. தரையில் தொடை அறுந்தால் அடுத்த நிமிடம் ஒருவர் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தலாம். மேலே அறுந்தால் முதலில் ஒருவர் ஏறி உங்களைக் கீழே இறக்க வேண்டும். அந்த நேரத்தை உங்களுக்கு வாங்கித் தருவது சி வகைதான்.

கைரம்பம்:
தம்பி புதுக்கிளை, சி வகை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதை முதல் செலவாக வைப்பதை எதிர்க்கிறேன். செயின் உன் கால்வரை வந்த பிறகுதான் பேன்ட்டுக்கு வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் நல்ல கைரம்பம் வாங்கு. வளைந்த பிளேடு, இழுக்கும்போது அறுக்கும் பல், தொடையில் கட்டும் உறை. மணிக்கட்டுத் தடிமன் கிளையை அது ஒரு சத்தமும் இல்லாமல் அறுத்துவிடும். கத்தரிப்பு வேலையில் பெரும்பாலும் அந்த அளவுக் கிளைகள்தான் வரும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும் அல்லவா? அந்தத் துல்லியம் மிஷினைவிட, அதாவது செயின் ரம்பத்தைவிட, கைரம்பத்தில் எளிதாக வரும், மரமும் காயத்தைச் சுற்றி நன்றாக மூடிக்கொள்ளும். மிஷினை மேலே எடுக்காத வரை சி வகை, ஏ வகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெயிலையும் மறக்கக் கூடாது. பல அடுக்குத் துணி காலைச் சுற்றி மூடியிருந்தால் உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றும்? வியர்த்து நீர் வற்றியவனுக்குக் கவனம் சிதறும். அவன்தான் கயிற்றை மாட்டும் கொக்கியான காராபினர் சரியாகப் பூட்டியதா என்று பார்க்காமல் சாய்வான். புதுக் கயிறு, புது ஹார்னஸ், மரத்தைச் சுற்றி உன்னைக் கட்டிக்கொள்ளும், உள்ளே ஸ்டீல் கம்பி ஓடும் குட்டைக் கயிறான லான்யார்ட், கைரம்பம். முதல் பணம் இதற்குப் போகட்டும்.

கவை:
அண்ணே, செயின் கால்வரை வந்த பிறகுதான் பேன்ட்டுக்கு வேலை என்கிறீர்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான், இரண்டாவது கயிறும் அப்படித்தான். அவற்றை வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

கைரம்பம் ஆபத்தில்லாதது என்ற எண்ணம் புதியவருக்கு வரக்கூடாது. உங்கள் எடையைத் தாங்கி இறுகி நிற்கும் கயிற்றில் அந்தப் பல் ஒருமுறை உரசினாலே போதும், வெட்டு சட்டென்று உள்ளே இறங்கிவிடும். தளர்ந்த கயிறு போல அது ஒதுங்காது. கிளையைப் பிடித்திருக்கும் இடது கையும் ரம்பம் தாவினால் அறுபடும். அதனால் கையில் எந்த ரம்பம் இருந்தாலும், வெட்டுவதற்கு முன் ஏறும் கயிற்றோடு லான்யார்ட் போன்ற இரண்டாவது இணைப்பைப் போட்டுவிட வேண்டும்.

வெயில் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் தீர்வு வேறு. பின்பக்கம் ஜிப் வைத்துக் காற்று விடும் சி வகை பேன்ட்கள் இருக்கின்றன. ஏறுபவரை அடிக்கடி இறக்கி நிழலில் உட்கார வைத்து, ஆளை மாற்றுவது குழுத்தலைவரின் வேலை. சூடாக இருக்கிறது என்று பாதுகாப்பைக் கழற்றுவது சரியான பதிலாகாது.

அரம்:
நீங்கள் இருவரும் புது பேன்ட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பட்டறையில் பார்ப்பது பழைய பேன்ட்டை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அது செயினை எப்படி நிறுத்துகிறது என்று தெரிந்தால் பராமரிப்பு தானாகப் புரியும். வெளித்துணி அறுந்ததும் உள்ளே இருக்கும் நீளமான இழைகளைச் செயின் வாரி இழுக்கிறது. இழைகள் செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சுற்றிக்கொள்ள, செயின் ஓட முடியாமல் நிற்கிறது. அதாவது அந்த இழைகள் தளர்வாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், எளிதில் உருவி வரும்படி இருக்க வேண்டும். செயின் ஆயிலும் பிசினும் மண்ணும் ஊறி அட்டை போல இறுகிய பேன்ட்டில் இழை எப்படி உருவி வரும்? அது ஏ வகையானால் என்ன, சி வகையானால் என்ன?

அதனால் லேபிளில் சொன்ன சூட்டில், சாதாரண சோப்பில் துவையுங்கள். ப்ளீச்சும் துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதீர்கள், சூட்டில் இழைகள் இளகி ஒட்டிக்கொள்ளும். வெளித்துணி கிழிந்தால் அதை மட்டும் தைக்கலாம். ஊசி தடுப்பு அடுக்குக்குள் இறங்கினால் அந்த இடத்தில் இழைகள் கட்டுண்டுவிடும். செயின் ஒருமுறை அடுக்குக்குள் புகுந்த பேன்ட் அதோடு முடிந்தது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

லேபிளில் வகுப்பு எண்ணும் இருக்கும். வகுப்பு 1 என்றால் விநாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24 மீட்டர், வகுப்பு 3 என்றால் 28 மீட்டர். 20 மீட்டர் என்பதே மணிக்கு 72 கிலோமீட்டர். முழு ஆக்சிலேட்டரில் அதைத் தாண்டும் பெட்ரோல் மிஷின்கள் நிறைய உண்டு. உங்கள் ரம்பத்தின் கையேட்டில் செயின் வேகத்தைப் பார்த்துவிட்டு பேன்ட் எடுங்கள்.

பேட்டரி ரம்பம் வாங்கும் யோசனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மின்மோட்டார் தடை வந்தாலும் முழு முறுக்கு விசையோடு இழுக்கும். பெட்ரோல் மிஷின் அணைந்துபோகும் இடத்தில் அது இழைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கலாம். மின்ரம்பத்துக்கு இது பாதுகாப்பு தராது என்று சில தயாரிப்புகளின் லேபிளிலேயே எழுதியிருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள்.

கைரம்பம்:
பார்த்தீர்களா, அரம் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. வேகம் கூடினால் சந்தேகம், ஆயில் ஊறினால் சந்தேகம், மோட்டார் மாறினால் சந்தேகம். இத்தனை சந்தேகம் உள்ள ஒன்றை நம்பிப் புதியவன் மிஷினோடு மேலே போகலாமா?

கவை:
அண்ணே, அரம் சொன்னது பேன்ட்டைக் கவனித்துக்கொள் என்று. போடாதே என்று சொல்லவில்லை. அழுக்கான கயிற்றை நம்பக்கூடாது என்பதற்காகக் கயிறே வேண்டாம் என்போமா?

உங்கள் வாதத்தில் எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. "மேலே மிஷின் எடுக்க மாட்டேன்" என்று ஆரம்பிப்பவர், தொடைத் தடிமன் கிளை ஒன்று வந்ததும் கீழே இருப்பவரிடம் மிஷினை அனுப்பச் சொல்வார். அந்த ஒரு வெட்டுக்காக இறங்கிப் போய் பேன்ட் மாற்றிக்கொண்டு வர மாட்டார்.

தரைக்குழு:
கீழே நின்று கயிறு பிடிக்கும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன், கவை சொன்னது உண்மை. மேலேயிருந்து "மிஷினை அனுப்பு" என்று குரல் வந்தால் அனுப்பிவிடுவோம், மேலே இருப்பவர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பதில்லை. இனி எங்கள் குழுவில் ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

தரையில் துண்டு போடும் எங்களுக்கு ஏ வகை போதும், அதில் சண்டை இல்லை. காதை மட்டும் யாரும் பேசவில்லை. பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். காதுமூடி இல்லாமல் ஒரு மரத்தைக்கூட முடிக்க முடியாது.

கைரம்பம்:
கவை சொன்ன அந்த ஒரு வெட்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மிஷின் மேலே வர வாய்ப்புள்ள மரம் என்றால் சி வகையோடு ஏறட்டும். ஆனால் கத்தரிப்பு மட்டும் செய்யும் நாளிலும் அதைக் கட்டாயமாக்குவதை ஏற்க மாட்டேன்.

சரி, தம்பி கேட்ட பழைய சாமான் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய கயிற்றை வாங்காதே. அது எந்த வெயிலில் கிடந்தது, பேட்டரி அமிலம் பட்டதா, எந்த ரம்பத்தின் பல் உரசியது, உனக்குத் தெரியாது. நைலானுக்கு அமிலம் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே வலு போய்விடும். ஏறும் கயிற்றைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் உராய்வு முடிச்சுப் போடும் சிறிய கயிற்றில் இன்னும் கவனம் தேவை. வேகமாக இறங்கினால் அங்கே சூடு ஏறும். கயிறு செய்யும் இழைகளில் பாலியெஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், டைனீமா 150 டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும். அராமிட் உருகாது, ஆனால் மடங்கி மடங்கியும் வெயில் பட்டும் வலு இழக்கும். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் கயிற்றை முழு நீளமும் கைக்குள் ஓடவிட்டுப் பார். கண்ணாடி போல மினுங்கும் இடம், தட்டையான இடம், உள்ளே கட்டி தட்டுப்படும் இடம், இவற்றில் எது இருந்தாலும் அந்தக் கயிற்றில் ஏறாதே. ஆளைத் தாங்கும் சாமான்களைத் தகுதி உள்ளவர் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1998-லேயே விதி போட்டார்கள். எந்த ஊரானாலும் கடைப்பிடிக்கலாம்.

அரம்:
கயிறு பற்றி ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. பழைய ரம்பத்தை மட்டும் வாங்கலாம், ஏனென்றால் அதை முழுக்கக் கழற்றிப் பார்த்துவிட முடியும். செயின் பிரேக் தட்டியதும் நிற்கிறதா, ஆக்சிலேட்டரை அழுத்தாமல் மிஷின் ஓடும் ஐடிலில் செயின் அசையாமல் இருக்கிறதா, பாரின் பள்ளம் அகன்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள்.

செயின் மழுங்கியிருந்தால் சீவலுக்குப் பதில் மாவு கொட்டும். மழுங்கிய செயினை உடம்பால் அழுத்துவீர்கள், வெட்டு முடியும் கணத்தில் ரம்பத்தோடு உடம்பும் சேர்ந்து பாயும். அதைவிட அடிக்கடி அரம் போடுவது நல்லது. சிறிய ரம்பங்களில் பெரும்பாலும் வரும் 3/8 லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. ஆழம் கட்டுப்படுத்தும் முன்பல்லைப் பெரும்பாலான செயின்களில் வெட்டும் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக வைக்க வேண்டும். சீக்கிரம் அறுக்கட்டும் என்று அதை இன்னும் தேய்ப்பவர்கள் ரம்பம் எகிறுவதற்குத் தாங்களே வழி செய்கிறார்கள். கைரம்பத்தின் பல் சூடேற்றிக் கடினமாக்கியது என்றால் அரம் அதில் ஏறாது. மழுங்கினால் பிளேடை மாற்றுங்கள்.

புதுக்கிளை:
அனைவருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: புதுக் கயிறு, ஹார்னஸ், ஸ்டீல் உள்கம்பி லான்யார்ட், கைரம்பம் முதலில். அடுத்து சி வகை பேன்ட். அது வரும்வரை செயின் ரம்பத்தை வாங்கப்போவதில்லை, குழுவின் மிஷினையும் மேலே கேட்கப்போவதில்லை. இதைக் குழுவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். கைரம்பம் ஐயாவும் கவையும் இதை ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். பழைய ஹெல்மெட் மட்டும் பார்க்க நன்றாக இருக்கிறது, அதை வாங்கலாமா?

கவை:
வரிசை சரி. கத்தரிப்பு நாளிலும் பேன்ட் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அது அண்ணனுக்கும் தெரியும். ஹெல்மெட்டை வாங்காதீர்கள். அடிபட்ட ஓடு வெளியே தெரியாமல் விரிசல் விட்டிருக்கலாம், பெயின்ட்டும் ஸ்டிக்கர் பசையும்கூடச் சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அதோடு அது எந்தத் தரநிலையில் செய்தது என்று உள்ளே பாருங்கள். இஎன் என்பது ஐரோப்பியத் தரநிலை; இஎன் 397 என்று இருந்தால் அது தரையில் வேலை செய்பவருக்கானது, எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்காமல் இருக்க அதன் தாடை வார் 150 முதல் 250 நியூட்டன் விசைக்குள் விட்டுவிடும். ஏறுபவருக்கு வேண்டியது இஎன் 12492. அதன் வார் 500 நியூட்டன்வரை தாங்கும், விழும்போதும் ஹெல்மெட் தலையிலேயே இருக்கும்.

கைரம்பம்:
ஹெல்மெட் விஷயத்தில் கவை சொன்னதே என் பதிலும். புதிது வாங்கு தம்பி, உள்ளே அச்சடித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்து வாங்கு.